எவனுக்கும் தெரியாத பயணம்

முன்னொரு காலத்தில், எந்த நாடு, எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்ல எனக்கே தெம்பில்லை, ஒரு மன்னருக்கு எங்கேயாவது போய்வர ஆசை வந்தது. ஆசை வந்த அன்றைக்கே கிளம்பியிருந்தால் இந்தக் கதையே இல்லை. அதைப் போய்த் தம் பிரதானி காளத்தியாரிடம் சொல்லித் தொலைத்தார்.

காளத்தியாருக்கு ஏற்பாடு என்றால் சோறு வேண்டாம், தூக்கம் வேண்டாம். நான்கு மாதமாக ஏடு ஏடாக எழுதினார். மன்னர் எந்தக் கிணற்றில் கால் கழுவுவார், எந்த நிழலில் கொட்டாவி விடுவார், எல்லாம் எழுதினார். 'மூன்றாம் நாள், புளியமரத்தடி. விகடர் வேடிக்கை சொல்வார். மன்னர் சிரிப்பார்' என்றுகூட எழுதிவிட்டார்.

அந்த விகடர்தான் நம் அம்பலவாணர். பாவம் மனிதர்! பயணத்தில் சொல்ல வேண்டிய முப்பது வேடிக்கைகளையும் முன்கூட்டியே பிரதானியிடம் சொல்லிக் காட்ட வேண்டும். அவர் உம்மென்று கேட்டுவிட்டு, "பதினேழாவதில் சிரிப்பு போதவில்லை. மாற்றிக்கொண்டு வாரும்" என்பார். மன்னர் எதிரில் அம்பலவாணரைக் கண்டாலே காளத்தியாருக்கு வயிறு எரியும். ஆறவிடாமல் அலைக்கழிப்பதில் ஒரு திருப்தி.

அம்பலவாணருக்குச் சிரிப்பே மறந்துபோயிருந்தது. அவருடைய ஒரே மகள் செங்கமலம் நாவல்துறையில் புகுந்த வீட்டில் இருந்தாள். தலைப்பிரசவம். ஒன்பதாம் மாதம் முடிவதற்குள் தகப்பன் போய் அழைத்துவர வேண்டும். பத்தாம் மாதம் தொடங்கிவிட்டால் அவளை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். ஐந்து முறை விடுப்புக் கேட்டார். ஐந்து முறையும் "பயணம் முடியட்டும், விகடரே" என்றார் மன்னர். பயணம் தொடங்கினால் அல்லவா முடிவதற்கு!

"உங்க ராஜா கெளம்புறதுக்குள்ள என் பேரன் நடந்தே வந்து சேந்துருவான்" என்றாள் அவர் மனைவி தில்லையம்மா. அன்று மாலை நாவல்துறையிலிருந்து சம்பந்தி வீட்டு மாட்டுவண்டி வந்து நின்றது. ஒன்பதாம் மாதம் முடிய இன்னும் நான்கே நாள்தான் என்று செய்தி.

மறுநாள் சபையில் காளத்தியார் ஏட்டுக்கட்டைப் பிரித்து வாசித்தார். வாசித்தார், வாசித்துக்கொண்டே இருந்தார். மன்னர் கையை உயர்த்தினார்.

"போதும் பிரதானியாரே. கேட்டதற்கே கால் வலிக்கிறது. இனி எனக்கு ஏடு வேண்டாம்."

"ஏடில்லாமல் சென்ற ஆண்டு வேட்டைக்குப் போனோம், மன்னா. இரண்டு நாள் பட்டினி கிடந்தோம்."

மன்னருக்கு அந்தப் பசி நினைவிருந்தது. "அப்படியானால் எல்லாம் ஏற்பாடாகியிருக்க வேண்டும். ஆனால் எங்கே போகிறோம் என்பது எவனுக்கும் தெரியக் கூடாது. எனக்கும்தான்!"

காளத்தியார் முகத்தில் அப்போதுதான் ஒரு வெளிச்சம் வந்தது. "அதற்கு விகடர் இருக்கிறாரே! நாளைக் காலைக்குள் செய்யட்டும். முடியாவிட்டால் ஆறு மாதம் கோட்டை வாசலைத் தாண்டாமல் என்னிடம் ஏடு எழுதட்டும்."

"நல்லது, அப்படியே ஆகட்டும்" என்றார் மன்னர். அவருக்கென்ன, சொல்லிவிட்டு அந்தப்புரம் போய்விட்டார். அம்பலவாணர் விரலை மடக்கி நாளை எண்ணினார். ஆறு மாதம் கழித்துப் போனால், பிள்ளை பெற்ற மகளிடம் எந்த முகத்தோடு நிற்பது?

மறுநாள் காலை சபை கூடியதும் அவர் கும்பிட்டு நின்றார். "மன்னா, தாங்கள் புறப்பட்டு ஒரு நாழிகை ஆகிறது."

"நானா? இங்கேதானே உட்கார்ந்திருக்கிறேன்!"

"நல்ல நேரத்தில் கிளம்ப முடியாதவர் தம் துணிமூட்டையைப் பக்கத்து வீட்டில் வைத்துப் பரஸ்தானம் செய்தால், ஆளே புறப்பட்டதாகத்தானே சாத்திரம்? தங்கள் பட்டு உத்தரீயத்தை விடியற்காலையில் பூக்காரி வீட்டில் வைத்துவிட்டேன். வண்டியும் வாசலில் நிற்கிறது."

"புறப்பட்டாயிற்றா? எங்கே?" என்று பதறினார் காளத்தியார்.

சபை முழுக்க "ஐயையோ!" என்றது. பயணம் புறப்பட்டவரை எங்கே என்று கேட்கலாமா? அபசகுனம்! எழுந்துவிட்ட மன்னரை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து மறுபடி எழுப்பினார்கள்.

"அது சரி, ஆனால் எங்..." என்றார் காளத்தியார். மறுபடி தண்ணீர். மூன்றாம் முறை தம் வாயைத் தாமே பொத்திக்கொண்டு வண்டியில் ஏறினார். மன்னர் நாலு மாதத்தில் முதல் தடவையாகச் சிரித்தார்.

அது சம்பந்தி வீட்டு வண்டிதான். வண்டிக்காரரை வீட்டிலேயே தூங்கச் சொல்லிவிட்டு அம்பலவாணர் முன்னால் உட்கார்ந்து கயிற்றைத் தளர விட்டார். அவர் கை ஆடுகிறதா என்று காளத்தியார் கண்கொட்டாமல் பார்த்தபடி வந்தார்.

பொழுது சாய்கையில் பாதை இரண்டாகப் பிரிந்தது. மாடுகள் நின்றன. நின்றதோடு இல்லாமல் நிதானமாகப் புல் மேய ஆரம்பித்தன. இடப்பக்கம் மலை, வலப்பக்கம் நாவல்துறை. ஒரு சுண்டு சுண்டினால் போதும். ஆனால் காளத்தியாரின் கண் கயிற்றிலேயே இருந்தது. 'அம்மாடி, திரும்புங்கடா' என்று மனசுக்குள் கெஞ்சினார் அம்பலவாணர். மாடுகள் வாய்ப்புல்லை மென்று முடித்து, மணி குலுங்க வலப்பக்கம் திரும்பின.

விளக்கேற்றும் நேரத்தில் வண்டி ஒரு வீட்டுத் தொழுவத்துக்குள்ளேயே போய் நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள் ஒரு பெண்.

"அப்பா!" என்று வந்து அம்பலவாணரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பார்த்தீர்களா மன்னா!" காளத்தியார் வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கத்தினார். "இது இவர் மகள் வீடு. போகும் இடம் இவருக்குத் தெரியும்!"

"மாடு எந்தப் பக்கம் திரும்பும் என்று என் தலைமேல் ஆணையாக எனக்குத் தெரியாது, மன்னா. தெரிந்தது மாட்டுக்குத்தான். தாங்கள் எவனுக்கும் தெரியக் கூடாது என்றீர்கள். எதற்கும் தெரியக் கூடாது என்று சொல்லவில்லையே! மாடு அஃறிணை."

மன்னர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அது இருக்கட்டும். எல்லாம் ஏற்பாடாகியிருக்க வேண்டும் என்றேனே? எனக்குப் பசிக்கிறது."

அம்பலவாணர் திகைத்தார். அந்த ஒன்றை மறந்தே போயிருந்தார்.

"சோறு இருக்குதுங்க, வாங்க" என்றாள் செங்கமலம். வந்தவர் யாரென்று அவளுக்குத் தெரியாது. "அப்பா என்னிக்கு வருவாருன்னு யாருக்குத் தெரியும்? நாலு மாசமா தினமும் ஒரு ஆள் சோறு கூடவே வடிச்சு வைக்கிறேன்."

மன்னர் இலை முன் உட்கார்ந்தார். சூடான சோறும் கத்தரிக்காய்க் குழம்பும். இரண்டு கவளம் உண்டவர் நிறுத்தி அம்பலவாணரைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது, ஆனாலும் வாய்விட்டுச் சிரித்தார்.

"எல்லாம் ஏற்பாடாகியிருக்கிறது. எவனுக்கும் தெரியவில்லை. பிரதானியாரே, நான் கேட்டது இதைத்தான்!"

மன்னர் ஆளனுப்பி வரவழைத்த பல்லக்கில் செங்கமலம் கெடு தவறாமல் தாய் வீடு வந்தாள். அம்பலவாணருக்கு ஒரு பட்டும், கோட்டை வாசலை எட்டிப் பார்க்கத் தேவையில்லாத ஆறு மாத விடுப்பும் கிடைத்தன. அந்த ஆறு மாதமும் முப்பது வேடிக்கைகளையும் தினந்தோறும் சொல்லி மன்னரைச் சிரிக்கவைக்கும் வேலை காளத்தியாருக்கு வந்தது. பதினேழாவதுக்கு மட்டும் மன்னர் சிரிக்கவே இல்லை என்று கேள்வி.