நாற்பது நொடி முன்னிசை

"டீச்சர், என் பாட்டோட தலையை வெட்டச் சொல்றாங்க" என்றார் எலியாஸ்.

எலியாஸுக்கு ஐம்பத்தொரு வயது. இதுதான் முதல் படம். அவருக்கு இசையமைக்கக் கற்றுக்கொடுத்த சுகந்தி டீச்சருக்கு முப்பத்தெட்டு. வயதைப் பார்த்து அவரை அண்ணே என்பார். பாடம் என்று வந்துவிட்டால் அந்த மரியாதையெல்லாம் செல்லாது.

"தலை எவ்வளவு நீளம்ணே?"

"நாற்பது நொடி. நாதஸ்வரமும் தவிலும் மட்டும். அஞ்சு நொடிக்குள்ள மனுஷக் குரல் வரலைன்னா, கேக்கறவன் விரலால தள்ளிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடுவானாம். சாயங்காலத்துக்குள்ள வெட்டலைன்னா ஆல்பத்துல என் பாட்டே கிடையாதுன்னு தயாரிப்பாளர் சொல்லிட்டார்."

டீச்சர் ஒலிப்பதிவுக் கூடத்து வாசலில் நின்று வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார்.

எலியாஸ் வாசற்படியில் உட்கார்ந்தார். "இசைத்தட்டு காலத்துல இப்படியா? ஊசியை வெச்சா ஒரு பக்கம் முடியற வரைக்கும் உக்காந்து கேட்டாங்க. கேசட்டை, சுத்திவிடச் சோம்பல்பட்டாவது கேட்டாங்க. சிடி வந்துச்சு, தாண்டிப் போகப் பொத்தானும் வந்துச்சு. இப்ப வாரம் ஒரு பாட்டா விடறாங்க. அதையும் முழுசாக் கேக்க ஆளில்லை."

"ரொம்பப் பழைய இசைத்தட்டுல பாட்டு எத்தனை நிமிஷம்?"

"மூணே கால்."

"ஏன்?"

"தட்டுல அவ்வளவுதான் இடம்."

"அப்பவும் வெட்டித்தான் இருக்காங்க."

எலியாஸ் படியிலிருந்து எழுந்தார்.

"அப்ப வெட்டிடவா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கோரஸ் பாட வந்த பன்னிரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முழுப் பாட்டையும் ஒரே ஒரு முறை போட்டுக் காட்டினார்.

"இப்ப ஞாபகம் இருக்கறதைப் பாடுங்க."

பாட்டு வரி ஒருவருக்கும் வாயில் வரவில்லை. பின்வரிசையில் ஒரு பெண் "பீபீபீ, பிப்பிரிபீ" என்று நாதஸ்வரத்தைத் தொடங்கினாள். பக்கத்தில் இருந்தவர் நாற்காலியைத் தவிலாக்கினார். அடுத்த மூச்சில் பன்னிரண்டு வாயும் நாதஸ்வரம். ஒரு இடம் பிசகவில்லை.

எலியாஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மைக்கைத் திறங்க" என்றார் டீச்சர், ஒலிப்பதிவாளரிடம். "பாட்டு இப்படித்தான் ஆரம்பிக்குது."

பிறகு எலியாஸ் பக்கம் திரும்பினார்.

"தயாரிப்பாளருக்குப் போன் போடுங்கண்ணே. முதல் நொடியிலேயே குரல் வருதுன்னு சொல்லுங்க. ஒருத்தர் இல்லை, பன்னிரண்டு பேர்."

"பதிமூணு" என்றார் எலியாஸ், மைக்கை நோக்கி ஓடிக்கொண்டே.