முள் ஏன் நகர்கிறது

குருவுக்கு முப்பது வயது. சீடருக்கு ஐம்பத்தாறு.

சீடர் திருமூர்த்தி கோயம்புத்தூரில் டயர் கடை போட்டு முன்னுக்கு வந்தவர். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். குரு ஜெசிந்தா, பொழுதுபோக்காக மெஷின் பழக வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுப்பவர்.

சீடர் போன் பண்ணினார்.

"டீச்சர், மில்லிங் மெஷினோட தூணு கோணல். அடியை அரத்தால ராவப் போறேன். எவ்வளவு ராவறதுன்னு மட்டும் சொல்லிருங்க."

"ராவாதீங்க. வர்றேன்."

கார் ஷெட்டில் மெஷின் நின்றது. கார் தெருவில் நின்றது.

"பாத்தீங்களா டீச்சர்," என்றார் சீடரின் மனைவி சௌந்தரம். "மெஷினுக்கு நிழலு, காருக்கு வெயிலு."

"நீ சும்மா இரு. டீச்சர், வித்தவன் நம்ம தலையில கட்டிட்டான். தூணுக்கு அடியில தகடு செருகிப் பாத்தேன். ஒருவாட்டி சரியாக் காட்டுது, மறுவாட்டி வேற காட்டுது. இனி ராவறதுதான் வழி."

"ராவின இரும்பு திரும்ப வளராதுங்ணா. வித்தவரும் திரும்ப எடுக்க மாட்டார்."

"அதுக்குத்தானே உங்களைக் கேக்கறேன்."

"எப்படி அளந்தீங்க? செஞ்சு காட்டுங்க."

இரும்பைச் சீவும் கட்டர் மாட்டுகிற இடத்தில், மயிரிழைச் சாய்வையும் முள்ளால் காட்டும் டயலைச் சீடர் மாட்டினார். கையால் மெல்லச் சுற்றினார். டயலின் நுனி மெஷினின் மேசைமேல் வட்டம் போட்டது. கட்டரைத் தாங்கும் தூண் நேராக இருந்தால் முள் அசையக் கூடாது.

முன்பக்கம் முள் பூஜ்யத்தில் நின்றது. பின்பக்கம் போனதும் டயலின் முகம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. சீடர் தூணில் இடது கையை ஊன்றி எட்டிப் பார்த்தார்.

"ஆங்! நகர்ந்துருச்சு பாருங்க!"

குரு முள்ளைப் பார்க்கவில்லை.

"அக்கா, கைக்கண்ணாடி ஒண்ணு கிடைக்குங்களா?"

சௌந்தரம் கொண்டுவந்து கொடுத்தார். குரு அதைச் சுவரோரம் பிடித்தார். டயலின் முகம் கண்ணாடியில் தெரிந்தது.

"இப்ப கையைப் பின்னால கட்டிக்குங்க. நின்ன இடத்துல இருந்தே பாருங்க."

சீடர் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இதென்னங்க, எதிர்ப்பக்கம் சாஞ்சிருக்கு?"

"அது நீங்க செருகின தகடு பண்ணின வேலை. தகடுகளை எடுங்க."

சீடர் போல்ட்டைத் தளர்த்தினார். தகடுகளை ஒவ்வொன்றாக உருவினார். மறுபடி இறுக்கினார். கையை எடுத்துவிட்டுக் கண்ணாடியில் பார்த்தார். குரு டயலைச் சுற்றினார்.

முள் அசையவில்லை.

"இன்னொரு சுத்து சுத்துங்க டீச்சர்."

அசையவில்லை.

சீடர் தூணில் கையை வைத்தார். முள் நகர்ந்தது. எடுத்தார். திரும்பி வந்தது. வைத்தார், எடுத்தார். சின்னப் பையன் சுவிட்சைப் போட்டு அணைத்து விளையாடுவதுபோல் அதையே செய்துகொண்டிருந்தார்.

"அப்ப இது வந்த அன்னிக்கே நேராத்தான் இருந்துச்சா?"

"இருந்திருக்கும்."

"அடக் கடவுளே. அந்த மனுஷனைப் போன்ல என்னென்னமோ பேசிப்புட்டேனே!"

"என்னையுந்தான்," என்றார் சௌந்தரம்.

சீடர் தூணையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் எங்கோ போயிருந்தது.

"டீச்சர், ஒண்ணு கேக்கறேன். இத்தனை தடி இரும்பு என் கை பட்டதுக்கே சாயுது. கட்டர் இரும்பைத் தள்ளறப்போ சாயாதா?"

"சாயும்."

"எவ்வளவு சாயும்?"

குரு குனிந்து மேசைக்கு அடியில் விரலை ஓட்டினார். நிமிர்ந்து விரல் நுனியைப் பார்த்தார். வெட்டிய இரும்பின் சுருள் ஒன்றுகூட ஒட்டவில்லை.

"ஏனுங்ணா," என்றார், "இது வந்ததுல இருந்து ஒரு துண்டாவது வெட்டியிருக்கீங்களா?"