தூங்காத வண்டி

“வண்டி இன்னைக்கும் எந்திரிக்கல சாமி,” என்றார் அய்யலுசாமி.

நாச்சியார் சாமி வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“நீங்க எந்திரிச்சிட்டீங்களா?”

அய்யலுசாமி எழுந்துதான் வந்திருந்தார். ஆனாலும் ராத்திரி முழுக்க மூட்டை சுமந்தவர் மாதிரி உடம்பு கனத்தது. மலைக்கு வந்த நாள் முதலாக ஒவ்வொரு விடியலும் அவருக்கு அப்படித்தான் இருந்தது.

சாமி கீரைத்தண்டுகளை ஒதுக்கினார். மேகம் ஒன்று வாசல் வழியாக உள்ளே போய், அடுப்படி ஜன்னல் வழியாக வெளியே வந்தது.

*

சிறுமலைச் சரிவில் மூன்று ஓட்டு அறைகளும் ஒரு பலாமரமும்தான் அந்த ஆசிரமம். சாமிக்கு அய்யலுசாமியின் மகள் வயது இருக்கும். ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர் அய்யலுசாமி. மனசு ஒரு இடத்தில் நிற்கவேண்டும், அதற்கு வழி சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார்.

என்ன வேலை தெரியும் என்று சாமி கேட்டார். எஞ்சினைத் தவிர வேறொன்றும் தெரியாது என்றார் இவர்.

சாமி பலாமரத்தடிக் கொட்டகையைக் கைகாட்டினார்.

உள்ளே ஒரு பழைய கார், கரைதட்டிய கப்பல் மாதிரி நின்றது. காப்பித் தோட்டக்காரர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விட்டுப்போனது. நேரங்கெட்ட நேரத்தில் மலை ஜனங்கள் கீழே ஆஸ்பத்திரிக்குப் போக அதை விட்டால் வேறு வண்டி கிடையாது.

தியானம் கேட்டு வந்தவனுக்குத் தகரத்தைக் காட்டுகிறாரே என்று அவருக்கு அன்றைக்குச் சங்கடமாக இருந்தது. மறுநாள் பானெட்டைத் திறந்ததும் சங்கடம் போய்விட்டது.

பாட்டரியின் முனைகளில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துக் கிடந்தது. வயர்களைக் கழற்றினார். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினார். அது நுரைத்துப் பொங்கி அடங்கியது. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தார். துடைத்துக் காயவைத்து, வயர்களை மாட்டி இறுக்கி, மேலே வாஸ்லின் களிம்பு தடவினார். மூடிகளைத் திருகித் திறந்து, தகடுகள் முழுகும் வரை பாட்டரித் தண்ணீர் விட்டார்.

சாவியைத் திருகியதும் வண்டி கனைத்துக்கொண்டு எழுந்தது. பலாமரத்திலிருந்த மைனாக்கள் பறந்தன.

நாள்தோறும் ஓடினால் ஒரு குறையும் இல்லை. இரண்டு மூன்று நாள் சும்மா நின்றால் போதும், செத்துவிடும். பெல்ட்டைப் பார்த்தார். சார்ஜ் ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்த்தார். கடைசியில் பாட்டரியையே புதிதாக மாற்றினார். புதியதும் செத்தது.

நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிட்டால் மட்டும் எத்தனை நாளானாலும் சாகவில்லை. ஆகவே சாயங்காலமானால் வயரைக் கழற்றுவார், காலையில் மாட்டுவார். எதுவோ ஒன்று உள்ளே இருந்துகொண்டு குடிக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிந்தது. அது எது என்று தெரியவில்லை.

*

ஐப்பசியில் அவருடைய தம்பி கொண்டல்சாமி மலையேறி வந்தார்.

மழையில் நனைந்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றவரை அய்யலுசாமி கொட்டகைக்குள்ளிருந்தே பார்த்துவிட்டார். மௌன விரதம் இருக்கிறேன் என்று சொல்லச் சொல்லி ஆளனுப்பினார். கொண்டல்சாமி மதியம் வரை உட்கார்ந்திருந்தார். சாமி போட்ட சோற்றை மோர் விட்டுச் சாப்பிட்டார். பிறகு கொட்டகைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனார்.

அன்று சாயங்காலம் சாமி கேட்டார்.

“தம்பி மேல பகையா?”

“பகையெல்லாம் ஒண்ணுமில்ல சாமி. அதெல்லாம் எப்பவோ மூடியாச்சு.”

கேட்காமலே அவர் மீதியையும் சொன்னார். தாயார் இறந்தபோது அவர் வடக்கே எங்கோ வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கோடை வெயில், உடம்பு தாங்காது என்று தம்பி அவருக்குக் காத்திராமல் காரியத்தை முடித்துவிட்டார். மூத்தவன் வீடு வந்து சேர்ந்தபோது கழுவிவிட்ட தரையும், கவிழ்த்துப் போட்ட கட்டிலும்தான் இருந்தன. ஆயுளில் ஒரு நாள்கூட வண்டியைத் தாமதமாகக் கொண்டுபோய்ச் சேர்க்காதவர் அவர்.

“அவன் மேலயும் தப்பில்ல. நான் அத நினைக்கிறதே இல்ல,” என்றார்.

சாமி எழுந்து விளக்கேற்றப் போனார்.

*

மார்கழியில் ஒருநாள் விடியற்காலை, தோட்டத்தில் வேலை செய்யும் செல்லக்கிளிக்கு வலி கண்டது. புருஷன்காரன் ஓடிவந்து கொட்டகைக் கதவைத் தட்டினான்.

அய்யலுசாமி ஓடிப்போய்ச் சாவியைத் திருகினார். டிக் என்று ஒரு சத்தம் வந்ததோடு சரி. வயரைக் கழற்றி வைக்க அவருக்கு மறந்துபோயிருந்தது. வண்டி எடுத்து மூன்று நாளாகியிருந்தது.

செல்லக்கிளியைப் பின்சீட்டில் படுக்கவைத்து, நாலு பேர் வண்டியைச் சரிவுவரை தள்ளினார்கள். மூடுபனியில் பாதை இரண்டு அடிக்கு மேல் தெரியவில்லை. எஞ்சின் ஓடாமல் மேகத்துக்குள் வண்டி உருண்டது. சக்கரத்தின் சத்தமும் செல்லக்கிளியின் முனகலும் மட்டும் கேட்டன. ரோட்டில் போகிறோமா ஆகாயத்தில் போகிறோமா என்று அவருக்குத் தெரியவில்லை. இரண்டாவது கியரைப் போட்டுக் கிளச்சை விட்டார். வண்டி குலுங்கி நின்றது. மறுபடி உருட்டி மறுபடி விட்டார். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

பிள்ளை கடைசி வளைவிலேயே பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று மட்டும் ஆஸ்பத்திரி நர்ஸ் கேட்டாள்.

*

ஆசிரமத்துக்குத் திரும்பியதும் வண்டிச் சாவியைச் சாமியின் முன்னால் வைத்தார்.

“என்னால முடியல சாமி. வேற ஆள் பாருங்க.”

“வயரக் கழட்டி வெச்சா நல்லாத்தான இருக்கு?”

“எத்தன காலத்துக்குச் சாமி கழட்டியே வெக்கிறது? அத ஒரு பிழைப்புன்னு சொல்ல முடியுமா?”

சாமி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தார். அய்யலுசாமி பின்னால் போனார். பனி இன்னும் விலகவில்லை. முன்னால் போகிறவரின் காவி நிறம் மட்டும் மிதந்துபோவது போலிருந்தது.

சாமிக்கு வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாது. சுற்றிவந்து, ஒவ்வொரு விளக்காகத் தொட்டு, இது ராத்திரியில் எரிகிறதா என்று பிள்ளை மாதிரி கேட்டார். இல்லை, அணைத்தாயிற்று, பார்த்துவிட்டேன் என்று இவரும் சொல்லிக்கொண்டே வந்தார்.

சாமி டிக்கியைத் திறந்தார். உள்ளே மூலையில் ஒரு சின்ன பல்பு எரிந்தது.

“இது?”

“அது மூடினா தானா அணைஞ்சிரும் சாமி.”

“அணைஞ்சத நீங்க பாத்தீங்களா?”

“மூடினதுக்கப்புறம் வெளிய நின்னு எப்படிப் பாக்குறது?”

சாமி ஒதுங்கி நின்றார். டிக்கியை நோக்கிக் கையை நீட்டினார், விருந்தாளியை உள்ளே வரச் சொல்வதுபோல.

அய்யலுசாமி புரியாமல் நின்றார். பிறகு புரிந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறினார். ஸ்டெப்னி டயரை ஒட்டி, முழங்காலை நெஞ்சுவரை மடக்கிப் படுத்தார். மூடி மெதுவாக இறங்கியது.

இருட்டும் என்று எதிர்பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

ரப்பர் வாசனை அடித்தது. வெளியே பலா இலைகளிலிருந்து தகரத்தின் மேல் சொட்டுச் சொட்டாகப் பனி விழுந்தது. அது தூரத்தில் தண்டவாளம் தட்டுகிற மாதிரி கேட்டது. எந்த ஊரைத் தாண்டுகிறோம் என்று ஒரு கணம் யோசித்தார்.

கண்ணைத் திறந்தார்.

கட்டைவிரல் நுனியளவு வெளிச்சம், மஞ்சளாக, சத்தமில்லாமல் நின்றது. அதில் அவருடைய கை தெரிந்தது. மடங்கிக் கிடந்த காலும் தெரிந்தது. விரலால் பல்பைத் தொட்டார். சுட்டது.

தொட்ட விரலை அவர் வாயில் வைத்துக்கொண்டார்.

“என்ன தெரியுது?” தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து சாமியின் குரல், கனவில் யாரோ கூப்பிடுவது போல் வந்தது.

“எரியுது சாமி.”

“எத்தன நாளா?”

“எங்கம்மா போன அன்னையிலருந்து,” என்றார் அய்யலுசாமி.