கலுங்கில் நனைந்த மீன்

அந்தக் காலத்தில், தவளை பேசினால் மனிதருக்குப் புரிந்த காலத்தில், மேலக்கண்மாய் என்றும் கீழக்கண்மாய் என்றும் இரண்டு கண்மாய்கள் இருந்தன. மேலது நிறைந்தால் உபரித் தண்ணீர் கலுங்கு என்ற கல் வழிகாலில் வழிந்து கீழதற்குப் போகும். தண்ணீர் கீழே ஓட, அந்த ஓட்டத்தை எதிர்த்துக் கீழக்கண்மாய் மீன்கள் மேலே ஏறும். ஏறிய மீன்கள் மேலக்கண்மாயின் கொசுப் புழுக்களைத் தின்று தீர்க்கும். இப்படி ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டிருந்ததை யாரும் பெரிதாக நினைத்ததில்லை. நன்றாக நடக்கிற காரியத்தை யார்தான் நினைக்கிறார்கள்?

மழைக்கு முன்பு கலுங்குக் கற்களின் இடுக்கில் மண்ணும் புல்லும் வைத்து அடைப்பார்கள். கல்லில் ஒரு மீன் செதுக்கியிருக்கும். தண்ணீர் ஏறி அந்த மீன் நனைந்துவிட்டால் மண்ணை எடுத்து வழியவிட வேண்டும். அதுதான் மேலூர், கீழூர் என்ற அந்த இரண்டு கண்மாய்க்கரை ஊர்களுக்கும் ஒப்பந்தம்.

மேலக்கண்மாயின் காவல்காரன் வெள்ளைக்கண்ணு. கரையோ நீளம், கலுங்கோ அந்தக் கோடியில். அவனுக்கு நடக்கச் சோம்பல். அதனால் கலுங்கடியில் குடியிருந்த தவளையிடம் இங்கிருந்தே குரல் கொடுத்துக் கேட்பான். தவளையும் பார்த்துச் சொல்லும். பல மழைக்காலம் அப்படியே ஓடியது.

அந்த வருஷம் தவளை கரையோரப் புல்லில் முட்டையிட்டிருந்தது. கலுங்கைத் திறந்தால் தண்ணீர் இறங்கும், முட்டை காய்ந்துபோகும். கல்லில் மீன் முழுக நனைந்திருந்ததைத் தவளை பார்த்தது. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது.

கீழூரில் நாற்று கருகத் தொடங்கியதும் இருளாயி என்ற பெண் கரையேறி வந்தாள். மழை பெய்து ஓய்ந்தும் தங்களுக்குத் தண்ணீர் வரவில்லையே என்று கேட்டாள். வெள்ளைக்கண்ணு அவள் எதிரிலேயே தவளையைக் கூப்பிட்டான்.

"மீன் நனைஞ்சிருச்சா?"

"இன்னும் நனையலை," என்றது தவளை.

இருளாயி அதை நம்பினாள். தவளை அதுவரை பொய் சொன்னதில்லை. வீட்டுக்குத் திரும்பியவள், வற்றிக்கொண்டிருந்த கீழக்கண்மாயில் துடித்த மீன்களைக் குடத்தில் அள்ளித் தன் கிணற்றில் விட்டாள். தவளைகளை அவளால் பிடிக்க முடியவில்லை. அவை சேற்று வெடிப்புக்குள் ஒடுங்கின. பிறகு வெளியே வரவில்லை.

மேலே தவளையின் குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன. ஆனால் மீன் ஏறவில்லை. தண்ணீர் அசையாமல் கிடந்து பச்சை பூத்தது. கொசு பெருகி மேலூரில் வீட்டுக்கு வீடு காய்ச்சல் புகுந்தது. வெள்ளைக்கண்ணுவின் மகள் வேலாயி குளிரில் நடுங்கிக்கொண்டே கிடந்து, ஒரு மத்தியானம் அடங்கிப்போனாள். அவளுக்கு அப்போதுதான் பல் விழுந்து முளைத்திருந்தது. பாவம், அவள் யாருக்கு என்ன செய்தாள்?

புதைத்துவிட்டுத் தலைமுழுக வந்தவன், வீட்டுப் பக்கம் போகப் பிடிக்காமல் கரையோடு நடந்து கலுங்குக்கு வந்து இறங்கினான். கல்லைப் பிடித்த கை வழுக்கியது. குனிந்து பார்த்தான். தண்ணீருக்குள் செதுக்கிய மீன் இருந்தது. அதன்மேல் பாசி கனமாகப் படிந்திருந்தது. எத்தனை நாளாக நனைந்திருந்தால் அவ்வளவு பாசி பிடிக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

 ஈர வேட்டியோடு உட்கார்ந்து, இடுக்கு மண்ணை விரலாலேயே பிய்த்துப் பிய்த்துப் போட்டான். தண்ணீர் சரிந்து கீழே ஓடியது. பிறகு தவளையைப் பார்த்தான்.

"நடந்து வந்து பாக்காதது என் குத்தம். ஆனா உன் பேச்சை இனிமே எந்தக் காதும் வாங்காது. கீழ இருக்கிறவங்களே வந்து பாத்துக்கட்டும்."

தவளை மன்னிப்புக் கேட்டது. அது என்ன சொன்னது என்று அவனுக்குப் புரியவில்லை. வெறும் சத்தமாகத்தான் கேட்டது.

கீழே தண்ணீர் வந்ததும் இருளாயி கிணற்று மீன்களை அள்ளிக் கொண்டுபோய் விட்டாள். நடந்ததைச் சொல்ல வந்த வெள்ளைக்கண்ணுவிடம், "இதுக மேல ஏறிரும். மத்த பிள்ளைகளாவது எந்திரிக்கட்டும்," என்றாள்.  மீன்கள் ஏறின. காய்ச்சல் மெல்ல இறங்கியது.

தவளை மட்டும் கலுங்கில் உட்கார்ந்து கீழக்கண்மாய்த் தவளைகளைக் கூப்பிட்டது. "மீன் நனைஞ்சிருச்சா? அங்க தண்ணி வந்து மீன் நனைஞ்சிருச்சா?" கீழக்கண்மாயில் பதில் சொல்ல ஒரு தவளையும் இல்லை. தொண்டை உப்பி உப்பி அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில் தன் குஞ்சுகளைத் தண்ணீரோடு கீழே அனுப்பியது. அவை வளர்ந்து அங்கிருந்து குரல் கொடுத்த பிறகுதான் வாயை மூடியது.

மேலக்கண்மாயின் கலுங்கை அடைத்த மண்ணில் முதல் கைப்பிடியைக் கீழூர்க்காரர் வந்து அள்ளி எடுப்பது அன்று முதல்தான். மழை பெய்த கண்மாயில் ஒரு தவளை கத்தினால் அடுத்த கண்மாயில் இன்னொன்று எடுத்துக் கத்துவதும், கீழேயிருந்து பதில் வரும்வரை மேலே இருப்பது ஓயாமல் கத்துவதும் அன்று முதல்தான்.