மார்கழிக் கோழிகளும் மன்னரின் சூரியனும்

முன்னொரு காலத்தில், மலையடிவாரத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயர் என்ன என்று கேட்கக் கூடாது. கதைக்கு அது தேவைப்படவில்லை.

அந்நாட்டு மன்னருக்கு ஒரு மார்கழிக் காலையில் திடீரென்று சிறுவயது ஞாபகம் வந்துவிட்டது. பனியில் கால் விறைக்கக் கொல்லைக்கு ஓடி, வைக்கோலுக்குள் கைவிட்டு முட்டை எடுத்த ஞாபகம். கூடவே ஓடியவன் கோனேரி. இன்று அவன் அரசவை விகடன். கொல்லைக் கோழிகளையும் அவனே பார்த்துக்கொள்கிறான்.

"கோனேரி, எனக்கு அதே மாதிரி முட்டை வேண்டும்."

கோனேரிக்கும் அந்த வைக்கோல் வாசனை மூக்கில் ஏறியது. ஆனால் கூட்டில் ஒன்றுமில்லை.

"அரசே, மார்கழியில் பகல் குறுகல். வெளிச்சம் குறைந்தால் கோழி முட்டையிடாது. நாம் அன்று எடுத்தது மாசிப் பனியில்."

கட்டியக்காரர் மருதப்பருக்கு, அதாவது மன்னர் சபைக்கு வரும்போதெல்லாம் வெள்ளித்தடியை ஊன்றி அவர் பெருமையை முழங்குபவருக்கு, கோனேரியைக் கண்டாலே வயிறு எரியும். "முட்டையை எல்லாம் இவனே பொரித்துத் தின்கிறான், பிரபு! கன்னத்தைப் பாருங்கள், இந்தப் பனியிலும் மினுமினுக்கிறது!"

மன்னர் முகம் கறுத்தது. "நாளை பொழுது சாய்வதற்குள் முட்டை வர வேண்டும். இல்லாவிட்டால் கோழிகள் குழம்புக்கு. நீ நாட்டை விட்டு வெளியே."

அன்று கோனேரி யாரையும் சிரிக்க வைக்கவில்லை. கொல்லைக் கோழிகள் அந்தப் பழைய கோழிகளின் வழிவந்தவை. அந்த நாட்களைச் சேர்ந்து நினைத்துப் பார்க்க அவனுக்கு வேறு யாருமில்லை. இருந்த ஒருவரும் மன்னராகிவிட்டார்.

மறுநாள் மாலை, கோழிகளைக் கூடையோடு சபைக்குக் கொண்டுவந்தான். மன்னர் நுழைந்ததும் மருதப்பர் வழக்கம்போல் முழங்கினார்: "எழு என்றால் எழவும், நில் என்றால் நிற்கவும், சூரியனையே ஏவல்கொள்ளும் எங்கள் மன்னர் பராக்!"

கோனேரி வணங்கினான். "அரசே, சூரியன் தங்கள் ஏவலாள் என்று மருதப்பர் நாள்தோறும் சொல்கிறார். சபையில் பொய் சொன்னால் தண்டனை என்பதால் நானும் நம்பியிருக்கிறேன். மாசி வரை தினமும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கும்படி அதற்கு உத்தரவிடுங்கள். கோழிகளுக்கு நான் பொறுப்பு."

எல்லோரும் சாளரத்தைப் பார்த்தார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் பாதி இறங்கியிருந்தது.

"நிற்கச் சொல்லும், மருதப்பரே," என்றார் மன்னர்.

"பிரபு... அது வந்து... சும்மா ஒரு மரியாதைக்கு..."

"நிற்குமா, நிற்காதா?"

மருதப்பர் சாளரத்தை நோக்கித் தடியை நீட்டி, "நில்!" என்றார். சூரியன் தன்பாட்டுக்கு இறங்கிப்போனது. பொழுது மங்கியதும், அடைய இடம் தேடிய சாம்பல் பெட்டை ஒன்று கூடையிலிருந்து எழும்பி, நீட்டிய வெள்ளித்தடியில் அமர்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். முத்துமாலையைக் கழற்றிக் கோனேரி கழுத்தில் போட்டுவிட்டு, கூடையின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார்.

"மாசியா அது? நான் மார்கழி என்றே நினைத்திருந்தேன்."

"அன்று நம் இருவருக்கும் சட்டை கிடையாது, அரசே. எல்லா மாதமும் மார்கழிதான்."

"சரி, மாசி வரை கோழிகளுக்கு ஓய்வு. அப்புறம் இருவரும் போய் முட்டை எடுப்போம்."

மருதப்பர் மெல்லத் தடியை இறக்கப் பார்த்தார்.

"அசையாதீர்," என்றார் மன்னர். "அது தூங்குகிறது."