எலிக்காரியும் ஏழாவது ஓட்டையும்

"வீட்ல ஒரு எலி இருக்கும்மா. அது போகணும்."

தங்கப்பழம் வந்து நின்னு சொன்ன மொத வார்த்தை அதுதான். வயசு அறுவத்திரெண்டு. ஒண்டிக்கட்ட. கல்யாணம் பண்ணா சோத்துல பங்குக்கு ஆளு வந்துரும்னு பயந்தே காலத்த ஓட்டுன மனுசன். கடைசியில பங்குக்கு எலி வந்துருச்சு. அரிசியத் தின்னுச்சு, சோப்பத் தின்னுச்சு, முந்தாநாளு தூக்கத்துல அவரு கால் பெருவிரலையே கடிச்சுப் பாத்துருச்சு.

அவரு தேடி வந்தது மரியபுஷ்பத்த. எலிக்காரி. கோவில்பட்டி சந்தைப் பக்கம் சாக்க விரிச்சு எலிப்பொறி விக்கிறவ. வயசு முப்பத்தஞ்சுதான். ஆனா எலின்னு வந்துட்டா மில்லு மொதலாளியும் அவ முன்னாடி கைய கட்டித்தான் நிப்பான்.

பொறி ஒண்ணு குடுன்னாரு. குடுக்கல. மருந்து கேட்டாரு. அதுவும் குடுக்கல. எங்கயாவது இடுக்குல செத்துக் கிடந்து நாறும், அப்பறம் அந்த நாத்தத்தோட குடித்தனம் நடத்தணும்னு சொன்னா.

"கோலப்பொடி வாங்கி, தரை பூரா தூவுங்க அண்ணாச்சி. மூணு நாளு பெருக்காதீங்க. யாரு யாரு காலடி விழுந்துருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க."

கோலப்பொடி கேட்டதும் கடைக்காரன் அவர மேலயும் கீழயும் பாத்தான். வீட்ல விசேசமான்னு கேட்டான். ஆமா, எலிக்குன்னாரு.

நாலாம் நாளு வந்தாரு. மொகத்துல பெரிய சந்தோசம். அரிசி டிரம்ம மூணு சுத்து சுத்துது, கட்டிலுக்கு அடியில போகுது, மகாராசா நகர்வலம் போற மாதிரி போகுதுன்னு சொன்னாரு.

"வேற?"

"வேற என் காலடி."

"வேற?"

"அம்புட்டுதான்."

"மூணு நாளும்?"

"மூணு நாளும்."

மரியபுஷ்பம் பொறியெல்லாம் எடுத்து அடுக்குனா. அடுக்குனதக் கலச்சு, திரும்பவும் அடுக்குனா.

அப்பறந்தான் வழி சொன்னா. எலிய வெரட்டி முடியாது, வர்ற வழிய அடைக்கணும். கட்ட வெரலு நுழையிற ஓட்ட போதும் அதுக்கு. பாத்திரம் தேய்க்கிற கம்பி நாரச் சுருட்டி ஓட்டைக்குள்ள திணிச்சு, மேல சிமிட்டி பூசணும். கம்பிய அது கடிக்காது.

மனுசன் அடைக்க ஆரம்பிச்சாரு. நாளைக்கு ஒரு ஓட்ட. அடைக்க அரமணி நேரம், அத வந்து சொல்ல ரெண்டு மணி நேரம். சாக்கு ஓரத்துல குத்தவச்சு, சாக்கடக் குழாய்க்கு வலை கட்டுனத ஏதோ அணைக்கட்டு கட்டுன மாதிரி சொல்லுவாரு. கதவுக்கு அடியில தகரம் அடிச்சதுக்கு மட்டும் ரெண்டு டீ ஆச்சு.

ஆறு ஓட்ட அடச்சாச்சு. எலி வந்துக்கிட்டேதான் இருந்துச்சு.

"நானே வந்து பாக்கேன்"ன்னா.

மறுநா காலையில வந்தா. அது பழைய காலத்து வீடு. நடுவுல செவரு எடுத்து ரெண்டா பிரிச்சிருக்கு. அந்தப் பக்கம் தம்பி ஜெயபாண்டி குடும்பம், இந்தப் பக்கம் இவரு.

எலி தெனம் ஒரே வழியிலதான் போகும். அது ஒடம்பு உரசி உரசி செவத்துல கருப்பா ஒரு கோடு விழும். மரியபுஷ்பம் அந்தக் கோட்டப் பிடிச்சே போனா. டிரம்மு, அடுப்பு மேட, கட்டிலுக்குப் பின்னால. கோடு போயி நடுச்செவத்துல முடிஞ்சுச்சு. அங்க எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓட்ட. ஓட்டைக்குப் பக்கத்துல, தரையில ஒரு தலகாணி.

"இத ஏன் அடைக்கல?"

கண்ணுல படலயேன்னாரு.

"தலகாணிய யாரு போட்டா, எலியா?"

தங்கப்பழம் கட்டில்ல உக்காந்துட்டாரு.

மெதுவாத்தான் சொன்னாரு. பாகம் பிரிச்சப்ப இந்தச் செவரு அர அடி எங்கிட்டுத் தள்ளி வரணும்னு சண்ட. ஒம்போது வருசமாச்சு, அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சே இல்ல. விடிஞ்சா தம்பி இருமுவான். அது கேட்டா, ஆளு நல்லாருக்கான்னு அர்த்தம்.

"இப்ப ரெண்டு மாசமா ஒரு புள்ள அழுகுது. பேரனா, பேத்தியான்னு தெரியல."

மரியபுஷ்பம் அவரு கால் பெருவிரல்ல சுத்தியிருந்த துணிக்கட்டப் பாத்தா. அப்பறம் ஓட்டையப் பாத்தா.

"இத நீங்க கேக்குறதுக்கு வச்சிருக்கீங்க அண்ணாச்சி. எலி வந்து போறதுக்கு வச்சிருக்கு."

அவரு அந்தப் பெருவிரல மடக்கிக்கிட்டாரு.

"அடச்சிரு"ன்னாரு.

அவ சிமிட்டியக் கொழச்சா. ரெண்டு தேங்காச் செரட்டையில பாதி பாதியா போட்டா. ஒண்ண அவரு கையில குடுத்தா.

"இந்தப் பக்கம் நான் பூசிருதேன். அந்தப் பக்கம் பூசலன்னா ரெண்டே நாள்ல தோண்டிரும்."

"நீயே போயிட்டு வாயேன் தாயி."

"அவுகள எனக்குத் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

"சிமிட்டி இறுகிரும் அண்ணாச்சி."

அவரு வெளிய போனாரு. இந்த வாசலுக்கும் அந்த வாசலுக்கும் எட்டே எட்டு வைக்கணும். வச்சாரு. கதவு சாத்தியிருந்துச்சு. தட்டல. எலின்னு ஆரம்பிக்கவா, ஓட்டன்னு ஆரம்பிக்கவான்னு வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்தாரு. தெருவுல ஒரு பால்காரன் போனான். இவரு யாரு வீட்டையோ விசாரிக்கிறவரு மாதிரி அங்கிட்டும் இங்கிட்டும் பாத்தாரு. உள்ள புள்ள அழுதுச்சு, நிறுத்துச்சு, திரும்பவும் அழுதுச்சு. வாசப்படியில விழுந்த அவரு நெழலு சுருங்கிச் சுருங்கி, காலுக்கு அடியில வந்து நின்னுச்சு.

குப்பையக் கொட்ட ஜெயபாண்டி கதவத் தொறந்தான்.

அண்ணனப் பாத்தான். செரட்டையப் பாத்தான். ஒத்த வெரல அதுல வச்சு அமுக்கிப் பாத்தான்.

"எம்புட்டு நேரமாண்ணே நிக்க? இது கல்லாப் போச்சே."