எழுபத்திநாலு பீரங்கிக் கப்பல்

புத்திசாலிகளின் கதையைச் சொல்ல ஊருக்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் வேலைக்கு வைத்திருக்கும் மூன்று பேரின் கதையைச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை.

தூத்துக்குடியில் ஒரு படகு இன்ஜின் கடைக்கு மேல்மாடி. அங்கேதான் எங்கள் 'கொள்ளைக்கடல்' ஆன்லைன் விளையாட்டு நடக்கிறது. ஆளுக்கொரு தோணியை எடுத்துக்கொண்டு கடற்கொள்ளையராகத் திரியலாம். கொள்ளையடித்ததைத் தீவில் புதைக்கலாம். அடுத்தவன் புதைத்ததைத் தோண்டலாம். நானூற்று முப்பது பேர் தினமும் வந்து இதைச் செய்தார்கள்.

படம் வரையக் கஸ்மீர். கம்ப்யூட்டருக்குப் புரிகிற மாதிரி எழுத ஆவுடையப்பன். எல்லாம் புத்தகப்படி இருக்கிறதா என்று பார்க்கச் செண்பகவடிவு. மூவருமே தங்கமான பிள்ளைகள். சொன்னதைச் செய்வார்கள். அதுதான் வியாதி.

ஒரு திங்கட்கிழமை காயல்பட்டினத்திலிருந்து ஜொஹரா டீச்சர் போன் செய்தார். பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு டீச்சர். எங்கள் கடலில் நானூறு கொள்ளையருக்குத் தலைவி.

"அண்ணாச்சி, தோணியில போய்த் தோணியைப் பிடிச்சு எங்க ஆளுகளுக்கு அலுத்துப்போச்சு. அந்தக் காலத்துப் பெரிய போர்க்கப்பல் வேணும். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குள்ள பத்துக் கப்பல் வரலைன்னா, நானூறு பேரும் வேற விளையாட்டுக்குப் போயிருவோம்."

நானூறு பேர் போனால் மிச்சம் முப்பது. முப்பது பேருக்காக மாடியைத் திறந்து வைக்க முடியாது. பூட்டிச் சாவியைக் கீழே கடைக்காரரிடம் கொடுத்துவிட்டு இறங்கவேண்டியதுதான். ஆனாலும் கேட்டதைக் கேட்டபடி கொடுத்துப் பழக்கமில்லை எனக்கு.

"பத்தா? கப்பல் என்ன கத்திரிக்காயா டீச்சர்? ஒண்ணு தாரேன்."

"அஞ்சு."

"ஒண்ணு."

"ஒண்ணுன்னா அதுல நூறு பீரங்கி இருக்கணும்."

"அறுபது."

"எண்பது. அசல் சைஸ்ல இருக்கணும். பொம்மைக் கப்பல் வேண்டாம்."

"எழுபத்திநாலு. அசல் சைஸ். போனை வைங்க டீச்சர்."

வைத்தார். நான் மீசையைத் தடவிக்கொண்டு மூவரையும் கூப்பிட்டேன்.

"இந்தா பாருங்க. 'கிழக்கு ராணி'ன்னு பழைய போர்க்கப்பல் ஒண்ணு புத்தகத்துல இருக்கு. அதை அப்படியே கொண்டு வாங்க. வரலாற்றுல எப்படியோ அப்படி. நீளம் ஒரு அடி குறையக்கூடாது. ஒரு ஆணிகூட மாறக்கூடாது."

மூவரும் குறித்துக்கொண்டார்கள். குறித்துக்கொண்டபோதே நான் பயந்திருக்க வேண்டும்.

புதன்கிழமை போய்ப் பார்த்தேன். கஸ்மீரின் திரை முழுக்க ஆணி.

"கப்பல் எங்கலே?"

"ஆணி முடிஞ்சதும் கப்பல்தான் அண்ணாச்சி. இப்போ நாலாயிரத்து நூத்திப் பன்னெண்டாவது ஆணி. இது கொஞ்சம் வளைஞ்ச ஆணி, அதான் லேட்டு."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஆணியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! கப்பலைக் காட்டு!"

சாயங்காலம் கப்பல் வந்தது. பாய், கொடி, எழுபத்திநாலு பீரங்கி, எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல. சோதனைக்காகக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு தொட்டி கட்டி, அந்தத் தண்ணீரில் இறக்கினார்கள். பட்டதுமே பலகை பலகையாகப் பிரிந்து மிதந்தது.

செண்பகவடிவு என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். "ஆணி இல்லாம பலகை எப்படி நிக்கும் அண்ணாச்சி? சொல்லும்போதே நினைச்சேன். பெரியவங்க சொல்லுதீங்களேன்னு விட்டுட்டேன்."

ஆணியை மறுபடி அடித்தார்கள். வியாழக்கிழமை கேட்டேன், முடிந்ததா என்று. முடிந்தது என்றார்கள். தொட்டியில் கப்பலைக் காணோம்.

"அடியில இருக்கு," என்றான் ஆவுடையப்பன்.

"ஏன்டா அடியில இருக்கு?"

"வரலாற்றுப்படி அது புயல்ல மூழ்கிருச்சு அண்ணாச்சி," என்று செண்பகவடிவு பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். "இன்னைக்கு வரைக்கும் அடியிலதான் கிடக்கு. நாமளா தூக்கி மேல வச்சா தப்பாயிரும்."

பல்லைக் கடித்தேன். "மூழ்குறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சோ, அப்படி வைங்க."

மூவரும் கதவைச் சாத்திக்கொண்டு ஆலோசனை செய்தார்கள். வெள்ளிக்கிழமை காலையில் தொட்டியைப் பார்த்தேன். தண்ணீருக்கு நடுவே இரண்டாயிரம் மரம் நின்றது. நல்ல வளர்த்தியான காடு. ஒரு கிளையில் கஸ்மீர் குருவிகூட வரைந்திருந்தான்.

"என்னது இது?"

"கப்பல்," என்றான் ஆவுடையப்பன். "மூழ்குறதுக்கு முன்னாடி."

"எவ்வளவு முன்னாடின்னு நீங்க சொல்லலையே," என்றாள் செண்பகவடிவு.

நான் போட்ட சத்தத்தில் கீழே இன்ஜின் பார்க்க வந்த ஆள் விலையே கேட்காமல் போய்விட்டார். "புயலுக்கு முந்தின நாள்! மத்தியானம் பன்னெண்டு மணி! கப்பலா மிதக்கணும்!" என்று மேசையில் குத்திச் சொன்னேன். ராத்திரிக்குள் கப்பல் கப்பலாகவே மிதந்தது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. சனிக்கிழமை நிம்மதியாக மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனேன். தொட்டியிலிருந்து கடலுக்கு மாற்றுவது ஒன்றுதான் பாக்கி. அதில் என்ன கெடுக்க முடியும்?

பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது போன். ஆவுடையப்பன்.

"அண்ணாச்சி, அளந்து பார்த்தோம். கப்பல் நூத்தி எண்பது அடி. நம்ம கடல் நூத்தி இருபது அடிதான்."

உண்மைதான். எங்கள் தோணி எலுமிச்சம்பழம் அளவு. அதற்கேற்ற கடல் போதும் என்று அந்தக் காலத்தில் நான்தான் பிடித்துக் குறைத்திருந்தேன்.

பின்னால் மற்ற இருவரின் பேச்சும் கேட்டது.

"கடலைப் பெருசாக்கலாமே," இது கஸ்மீர்.

"கடல்ல கை வைக்கக் கூடாதுன்னு போன வருஷமே அண்ணாச்சி சொல்லிட்டாரு," இது செண்பகவடிவு. "தீவு நகர்ந்தா புதையலெல்லாம் இடம் மாறிப்போகும்னு."

"அப்போ கப்பலைச் சின்னதாக்கு."

"ஒரு அடி குறையக்கூடாதுன்னு எழுதி வச்சிருக்கேன்."

எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நாதஸ்வரம் காதைப் பிளந்தது. "எப்படியாவது கடலையும் கப்பலையும் ஒண்ணு சேருங்கலே! நாலு மணி தவறினா நாம நாலு பேரும் தெருவுல நிப்போம்!" என்று கத்திவிட்டு வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றே முக்காலுக்கு மாடி ஏறினேன். மூவரும் குளித்து, நல்ல சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"சேர்த்தாச்சா?"

"சேர்த்தாச்சு," என்றான் கஸ்மீர். "பெருசுக்குள்ள சின்னதைத்தானே வைக்க முடியும்? கப்பல் பெருசு. கடல் சின்னது."

எனக்கு உறைக்கும் முன்னே நாலு மணி அடித்துவிட்டது. டீச்சரும் நானூறு பேரும் உள்ளே வந்தார்கள். கடல் இருந்தது. தீவுகள் இருந்தன. வானத்துக்குப் பதிலாக மேலே மரப்பலகை. சுற்றிலும் எழுபத்திநாலு பீரங்கிகளின் பின்பக்கம்.

போன் அடித்தது. எடுத்தேன்.

"அண்ணாச்சி, கப்பல் எங்க?"

"நீங்க உள்ளேதான் இருக்கீங்க டீச்சர்."

மாடி போச்சு என்று நினைத்தேன்.

"அப்போ ஒரு குண்டுகூடச் சுடாம நாங்க கப்பலைப் பிடிச்சிட்டோமா?" என்றார் டீச்சர்.

"ஆமா," என்றேன். வேறென்ன சொல்ல?

நானூறு பேரும் வெற்றி வெற்றி என்று ஆடித் தீர்த்தார்கள். அந்த உற்சாகத்தில் ஒருவன் தோணியிலிருந்து ஒரு குண்டு போட்டான். கப்பல் சுவரில் ஓட்டை. ஓட்டை வழியாகக் கடல் வெளியே ஒழுக ஆரம்பித்தது. சிறு தீவுகள் ஒவ்வொன்றாக ஓட்டையை நோக்கி நகர்ந்தன, புதையலோடு.

"அண்ணாச்சி!" டீச்சர் அலறினார். "எங்க புதையல்! அடைக்கிற வரைக்கும் ஒருத்தரும் இங்கேருந்து நகர மாட்டோம்! ஏ புள்ளைகளா, தோணியை ஓட்டையில குறுக்கே நிறுத்துங்க!"

போகிறேன் என்று மிரட்டிய நானூறு பேரும் போகவில்லை. மாடி பிழைத்தது. முறை வைத்து ஓட்டையைக் காவல் காக்கிறார்கள். அவர்கள் சொல்லக் கேட்டு இன்னும் இருநூறு பேர் சேர்ந்திருக்கிறார்கள்.

ஓட்டையை நிரந்தரமாக அடைக்க மூவரும் கூடிப் பேசினார்கள். வெளியிலிருந்துதான் பலகை அடிக்க வேண்டும் என்றான் கஸ்மீர். வெளியே போக ஒரு தோணி வேண்டும், தோணி மிதக்க ஒரு கடல் வேண்டும் என்றாள் செண்பகவடிவு. அந்தக் கடல் சிந்தாமல் இருக்க, எல்லாவற்றையும் சுற்றி இன்னொரு கப்பல் வேண்டும் என்று ஆவுடையப்பன் முடித்தான். இருநூற்று ஐம்பது அடி.

"இருநூத்தி அம்பதா?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரை ஏமாத்தப் பார்க்கிறீங்க?"

விடாமல் ஒரு மணி நேரம் பேசினேன். கடைசியில் நூற்று எழுபது அடிக்குப் பிடித்துக் குறைத்துவிட்டேன். உள்ளே இருக்கிற கப்பலைவிடப் பத்தடி சின்னது. செவ்வாய்க்கிழமை மாட்டுகிறார்கள்.